ஒகினாவாவின் கல்லும் தண்ணீரும்

2019 அக்டோபர் 31. பொழுது விடியவில்லை. ஜப்பானின் தெற்கிலுள்ள ஒகினாவா தீவில், நாஹா நகரின் குன்றின் மேல் நிற்கும் ஷூரி அரண்மனை தீப்பற்றி எரிந்தது. நண்பகல் தாண்டித்தான் தீயை முழுவதுமாக அணைக்க முடிந்தது. அதற்குள், செந்நிற அரக்குப் பூசிய பெரிய மண்டபமும் அதன் இருபுறக் கட்டடங்களும் கரிக்கட்டைகளாகிவிட்டன. கருகிய முற்றத்தில், மண்டபத்துக்கு முன்னால் நின்ற இரண்டு கல் டிராகன் தூண்கள் மட்டும் விழாமல் நின்றன. அந்த முற்றத்துக்கும் கீழே, ஒரு வாயிலின் படிக்கட்டு ஓரமாக, இன்னொரு டிராகன் இருக்கிறது. தலை மட்டும்தான். மதிலிலிருந்து முகத்தை நீட்டி, திறந்த வாயால் தண்ணீரைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கிறது.

அதன் பெயர் ரியூஹி. 1523-இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த கல்லுருவம். மன்னர் குடும்பம் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். அன்று இந்தத் தீவை ஆண்ட ரியூக்யூ மன்னருக்கு முடிசூட்டச் சீனப் பேரரசரின் தூதர்கள் கடல் கடந்து வந்து மாதக்கணக்கில் தங்கும்போது, துறைமுகத்தை ஒட்டிய அவர்களுடைய விடுதிக்கு இங்கிருந்தே தண்ணீர் சுமந்து கொண்டுபோவார்கள். இரண்டாம் உலகப் போரில், 1945-இல், இந்தக் குன்றே தலைகீழாகப் புரண்டது. அதையும் 2019 தீயையும் தாண்டி அந்தத் தலை இருக்கிறது. பயணிகளில் பெரும்பாலோர் 2,000 யென் நோட்டில் அச்சாகியிருக்கும் ஷுரேய் வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த வாயில் 1958-இல் மீண்டும் கட்டியது. என்னைக் கேட்டால், இன்னும் சில படிகள் ஏறி இந்த ஊற்றின் முன் நிற்க வேண்டும் என்பேன். இந்தத் தீவைப் புரிந்துகொள்வதற்கான கேள்வி அங்கேதான் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த குன்றின் தலைமாட்டில் ஊற்று எப்படி வந்தது?

ஒகினாவா தீவின் நடுப்பகுதியையும் தென்பகுதியையும் வெட்டிப் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரியும். அடியில் இருப்பது சாம்பல் நிறக் களிமண் பாறை. ஒரு காலத்தில் ஆழ்கடலில் படிந்த சேறு அது. உள்ளூரில் அதைக் குச்சா என்கிறார்கள். தண்ணீர் அதற்குள் இறங்காது. அதன் மேல் பவளப்பாறைகள் வளர்ந்தன. நிலம் மேலெழுந்தபோது அந்தப் பவளத்திட்டுகள் கடலைவிட்டு வெளியே வந்து சுண்ணாம்புக்கல்லாக இறுகின. ரியூக்யூ சுண்ணாம்புக்கல் என்பது இதுதான். தேன்கூடு போலத் துளைகள் நிறைந்த இந்தக் கல்லில் மழைநீர் நிற்பதில்லை. நேரே உள்ளே இறங்கிவிடும். இறங்கிய நீர் குச்சாவைத் தொட்டதும் வழியின்றிப் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் சரிவில் சுனையாக வெளியே வரும். மேட்டின் மேலே வறட்சி, இடுப்பளவில் சுனை. தீவின் தென்பாதி எங்கும் இந்த அமைப்புதான்.

மேலே எதிரியைப் பார்க்க உயரம், கையருகே மதில் கட்டக் கல், சற்றுக் கீழே குடிக்கத் தண்ணீர். கோட்டை கட்ட வேறென்ன வேண்டும்?

சுற்றுலாக் கையேடுகள் ஒகினாவாவை இயற்கை ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுகின்றன. அப்படிப் பிரித்தால் இரண்டும் விளங்காமல் போகும் என்பது என் எண்ணம். கடற்கரை மணலும், அரண்மனை மதிலும், வழிபாட்டுப் பாறையும், போரில் மக்கள் ஒளிந்த குகையும் இங்கே ஒரே பவளம்தான்.

பவளம் இங்கே இவ்வளவு செழித்ததற்கும் காரணம் உண்டு. தீவு 26 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. பூமியில் அந்த அகலாங்கை ஒட்டிப் போனால் சகாரா, அரேபியப் பாலை, தார் பாலை என்று மணலாகவே வரும். ஒகினாவாவிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. ஆசியப் பருவக்காற்று ஈரத்தைக் கொண்டுவருகிறது. தீவுக்கு மேற்கே ஓடும் குரோஷியோ என்னும் வெந்நீரோட்டம் வெப்பமண்டலக் கடலின் சூட்டை வடக்கே ஏந்தி வருகிறது. ஜனவரியில்கூடச் சராசரி வெப்பநிலை 17 டிகிரி. உறைபனி இல்லாத கடலும் உலராத காடும் ஒரே தீவில் அமைந்தது இப்படித்தான்.

கோட்டைகளை இங்கே குசுக்கு என்பார்கள். 14-ஆம் நூற்றாண்டில் தீவு வடக்கு, நடு, தெற்கு என மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்தது. 1429-இல் ஷோ ஹாஷி அவற்றை ஒன்றாக்கி ரியூக்யூ அரசை நிறுவினார். ஷூரி, நகாகுசுகு, கட்சுரேன், ஜகிமி, நகிஜின் ஆகிய ஐந்து குசுக்குகளும், அரச கல்லறை, தோட்டம், வழிபாட்டிடங்கள் என வேறு நான்கும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. ஒன்பதையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட இரண்டு மூன்றில் நிதானமாக நடப்பது மேல். நான் தேர்ந்தெடுப்பது நகாகுசுகுவையும் கட்சுரேனையும்.

நகாகுசுகு போரில் அதிகம் சேதப்படாத கோட்டை. மதிலை ஒட்டி நடந்தால் கல் அடுக்கும் கலை படிப்படியாக வளர்ந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓரிடத்தில் செதுக்காத கற்களைக் கிடைத்தபடியே அடுக்கியிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் செங்கல் வரிசை போலச் சதுரமாக வெட்டிய கற்கள். பிற்காலத்து மதிலில் ஐந்து பக்கமும் ஆறு பக்கமுமாகச் செதுக்கி, ஆமை ஓட்டின் கட்டங்களைப் போல ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லின் மேல் பவளக்கிளைகளின் வட்டத் துளைகளும் சிப்பித் துண்டுகளும் தெரிகின்றன. மதில்கள் நேர்க்கோட்டில் போவதில்லை. அலை போல வளைந்து வளைந்து போகின்றன. மூலைகளிலும் கூர்மை இல்லை. 1853-இல் அமெரிக்கத் தளபதி பெரியின் குழுவினர் இந்தக் கோட்டைக்கு வந்து, அளந்து, வரைந்து, கட்டுமானத்தை வியந்து எழுதிவைத்தார்கள்.

கட்சுரேன் கிழக்குக் கடலைப் பார்த்த குன்று. அதை ஆண்ட அமாவாரிக்கும் நகாகுசுகுவின் கோசமாருவுக்கும் நடந்த பகையில் 1458-இல் இருவருமே அழிந்தார்கள். அதே ஆண்டில் ஷூரி மன்னர் ஒரு வெண்கல மணியை வார்ப்பித்தார். ‘கப்பல்களைக் கொண்டு எல்லா நாடுகளுக்கும் பாலமாவோம்’ என்னும் பொருளில் அதில் எழுத்துகள் பொறித்திருக்கின்றன. மணி இப்போது நாஹாவில் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வெறும் பெருமைப் பேச்சாக இருக்கவில்லை. சீனாவுக்குக் கந்தகமும் குதிரைகளும் கொடுத்துப் பீங்கானும் பட்டும் வாங்கி, அவற்றைச் சயாம், ஜாவா, மலாக்கா வரை கொண்டுபோய் விற்றார்கள். தமிழ் வணிகர்கள் மலாக்காத் துறையில் செல்வாக்கோடு இருந்த அதே 15-ஆம் நூற்றாண்டில் ரியூக்யூ கப்பல்களும் அங்கே நங்கூரமிட்டன. கட்சுரேனின் மண்ணிலிருந்து எடுத்த செப்புக் காசுகளில் நான்கு, 3, 4-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ரோமானியக் காசுகள் என்று 2016-இல் அறிவித்தார்கள். கரூரிலும் கோவைப் பகுதியிலும் ரோமக் காசு கிடைப்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அது பசிபிக் ஓரத்துத் தீவில் கிடைத்தது என்னும்போது ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்கிறது. பல கை மாறித்தான் வந்திருக்க வேண்டும்.

வடக்கிலுள்ள நகிஜின் கோட்டைக்குப் போனால் மதில் கருத்தும் கரடுமுரடாகவும் இருக்கும். அங்கே கிடைப்பது மிகப் பழைய, கடினமான வேறொரு சுண்ணாம்புக்கல். செதுக்க இணங்காததால் அப்படியே அடுக்கிவிட்டார்கள். ஜனவரி கடைசியில் அந்தக் கருமதிலின் ஓரமாகச் செர்ரி மரங்கள் பூக்கின்றன. ஜப்பானிலேயே முதலில் பூப்பவை இந்தப் பக்கத்து மரங்கள்தாம்.

மதில் கட்டாமல், கல்லை இருந்த இடத்திலேயே விட்டு வணங்கிய இடமும் ஒன்று உண்டு. தென்கிழக்குக் கரையில் உள்ள செஃபா உதாகி. உதாகி என்றால் புனிதத் தோப்பு. கோபுரமோ சிலையோ கிடையாது. காட்டுப்பாதையில் நடந்தால் இரண்டு மாபெரும் சுண்ணாம்புப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து முக்கோண வாயிலாக நிற்கின்றன. பக்கத்துப் பாறைமுகட்டிலிருந்து தொங்கும் கல்விழுதுகளின் நுனியிலிருந்து சொட்டும் நீரை ஏந்தக் கீழே இரண்டு சாடிகள் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொட்டுநீர் புனிதமானது. ரியூக்யூ அரசில் சமயத் தலைமை பெண்களுடையது. மன்னர் ஷோ ஷின் காலத்தில் அவருடைய சகோதரியே முதல் தலைமைப் பூசகி ஆனார். உடன்பிறந்தவனைக் காக்கும் ஆற்றல் சகோதரிக்கு உண்டு என்பது தீவினரின் பழைய நம்பிக்கை. பூசகி பொறுப்பேற்கும் நாளில், எதிரே கடலில் தெரியும் குடாகா தீவிலிருந்து வெண்மணல் கொண்டுவந்து இந்தப் பாறையடியில் பரப்புவார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இருக்கவில்லை. இப்போது எல்லோரும் போகலாம். ஆனாலும் சந்திர நாட்காட்டிப்படி ஆண்டில் இரண்டு முறை சில நாட்கள் தோப்பை மூடி ஓய்வு கொடுக்கிறார்கள். போகும் முன் அந்த நாட்களை விசாரித்துக்கொள்ள வேண்டும். பாறையில் ஏறாமல், குரலைத் தாழ்த்தி நடக்க வேண்டும். இன்றும் அங்கே கும்பிட வரும் பெண்கள் உண்டு.

தீவின் வடபகுதிக்குப் போனால் எல்லாமே மாறிவிடுகிறது. யன்பரு என்று பெயர். இங்கே அடித்தளம் பழைய களிப்பாறையும் மணற்பாறையும். நீரை உள்ளே விழுங்காத பாறை என்பதால் மழை ஆறாக ஓடுகிறது, அருவியாக விழுகிறது. ஹிஜி அருவி 26 மீட்டர் அளவு உயரம். காட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்குக் குறைவான நடை. நாஹா நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த வடக்குக் காட்டு அணைகளிலிருந்து குழாயில் வருகிறது. இந்தக் காடு 2016-இல் தேசியப் பூங்காவாகி, 2021-இல் அமாமி, தொகுனோஷிமா, இரியோமோத்தே தீவுகளோடு சேர்ந்து உலக இயற்கை மரபானது. அமெரிக்கப் படையின் காட்டுப் பயிற்சிக்களத்திலிருந்து 2016 டிசம்பரில் திரும்பக் கிடைத்த ஏறத்தாழ 4,000 ஹெக்டேரில் ஒரு பகுதியும் இதில் அடங்கும்.

இந்தக் காட்டின் நாயகன் யன்பரு குயினா என்ற பறவை. கோழியைவிடச் சற்றே சிறியது, சிவந்த அலகு, சிவந்த கால், வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கோடு. பறக்காது, ஓடும். விஞ்ஞானிகள் இதைப் புதிய இனமாகப் பதிவுசெய்தது 1981-இல்தான். தரையிலே இரை தேடினாலும் இரவில் மரத்தில் ஏறித்தான் தூங்கும். ஹாபு என்னும் விரியன் வகைப் பாம்பு இரவில் தரையில் திரிவதால்தான் இந்தப் பழக்கம்.

அந்த ஹாபுவை ஒழிக்க மனிதன் எடுத்த முயற்சி பறவையைக் கொன்றது. 1910-இல் கங்கை முகத்துவாரப் பகுதியில் பிடித்த கீரிகளைக் கப்பலில் கொண்டுவந்து ஒகினாவாவில் விட்டார்கள். கீரியும் பாம்பும் எதிரெதிர் என்ற எண்ணம்தான். ஆனால் கீரி பகலில் திரியும் விலங்கு, ஹாபு இரவில் திரியும் பாம்பு. இரண்டும் சந்தித்துக்கொள்வதே அரிது. பகலில் கீரியின் கண்ணில் பட்டதெல்லாம் பறவையும் தவளையும் பல்லியும்தான். ஓடி ஒளியப் பழகாத குயினா வடக்கு நோக்கிச் சுருங்கிக்கொண்டே போனது. 2005 வாக்கில் ஆயிரத்துக்கும் குறைவாகிவிட்டதென்று கணக்கிட்டார்கள். அதன் பிறகு தீவின் குறுக்கே கடலுக்குக் கடல் வேலி போட்டு, வடக்கில் கீரிகளைப் பொறிவைத்துப் பிடித்து வருகிறார்கள். பறவைகள் இப்போது 1,500 அளவுக்கு மீண்டிருக்கின்றன. 1979-இல் இதே காரணத்துக்காகக் கீரி விட்ட அமாமி தீவு, அவற்றை முற்றிலும் ஒழித்துவிட்டதாக 2024-இல் அறிவித்தது. யன்பரு சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும். அங்கே குயினா சாவதில் வாகனங்களுக்கும் பங்குண்டு.

காட்டைத் திருத்தித் தோட்டமாக்கினால் வடக்கின் செம்மண் மழையில் கரைந்து கடலுக்குப் போய்ப் பவளத்தின் மேல் படிகிறது. ஒளி கிடைக்காமல் பவளம் சாகிறது. கட்டுமானங்களிலிருந்து செம்மண் வழிவதைத் தடுக்க 1990-களிலேயே மாகாணம் தனி விதிகள் கொண்டுவர வேண்டியிருந்தது. கடலுக்கடியில் நீந்திப் பவளம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தத் தொடர்பையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மன்சமோ செங்குத்துப் பாறையும், திமிங்கலச் சுறா நீந்தும் சுராவுமி மீன்காட்சியகமும் எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கின்றன. இரண்டுமே போய்ப் பார்க்கத் தக்கவை, விளக்கம் தேவையில்லாதவை. மே, ஜூனில் மழைக்காலம். அதன் பிறகு அக்டோபர் வரை சூறாவளிகள் வரக்கூடும். மார்ச், ஏப்ரலும் நவம்பரும் நடப்பதற்கு இதமானவை. விமான நிலையத்திலிருந்து ஷூரிக்கு மோனோரயில் உண்டு. எரிந்த பெரிய மண்டபத்தை 2026-இல் கட்டி முடிப்பது என்று திட்டம் வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்குப் பஸ் போகிறது, ஆனால் காத்திருக்க நேரம் வேண்டும்.

மீண்டும் தெற்குக்கு வருவோம். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் தண்ணீர் கல்லைக் கரைத்துக்கொண்டே போகிறது. அப்படிக் கரைந்து உண்டான குகைகள் தெற்கில் நிறைய. உள்ளூரில் குகையைக் காமா என்கிறார்கள். கியோகுசென்டோ ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளம். அதில் 890 மீட்டரை விளக்குப் போட்டுத் திறந்துவைத்திருக்கிறார்கள். எதிரே, கூரை இடிந்து விழுந்து காடாகிவிட்ட பழைய குகைப் பள்ளத்தாக்கு. அதன் வாயிலில் உள்ள சகிதாரி குகையில் கடல் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்த மீன்தூண்டில் முட்கள் கிடைத்தன. 23,000 ஆண்டுப் பழமை. உலகில் கிடைத்த தூண்டில் முட்களில் மிகப் பழையவற்றுள் வைத்து எண்ணப்படுபவை. மற்ற மண்ணில் எலும்பும் ஓடும் அரித்துப்போகும்; சுண்ணாம்பு அவற்றைக் காத்துவைக்கும். நத்தை ஓட்டு முள் இன்றுவரை மிஞ்சியதும் அந்தக் கல்லால்தான்.

1945-இல் அந்தக் கல் வேறொன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டது. ஏப்ரல் 1-ஆம் தேதி யோமிதான் பகுதிக் கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியது. ஜப்பானியப் படை ஷூரி அரண்மனைக்கு அடியிலேயே சுரங்கம் குடைந்து தலைமையகம் வைத்திருந்தது. அதனால்தான் அரண்மனை குண்டுவீச்சில் தரைமட்டமானது. மே கடைசியில் படை தெற்கே பின்வாங்கியபோது, அங்குள்ள காமாக்களில் ஏற்கெனவே ஊர் மக்கள் குழந்தைகளோடு ஒளிந்திருந்தார்கள். பல குகைகளிலிருந்து சொந்தப் படையினரே மக்களை வெளியே, குண்டுமழைக்குள் விரட்டினார்கள். மருத்துவப் பணிக்குச் சேர்க்கப்பட்ட ஹிமேயூரி என்னும் அணியின் மாணவிகளும் ஆசிரியர்களுமாக 240 பேரில் 136 பேர் இறந்தார்கள். மொத்தச் சாவு இரண்டு லட்சத்துக்கு மேல். அன்றைய ஒகினாவா மக்களில் நாலில் ஒருவர் உயிரோடு இல்லை.

யோமிதானில் அருகருகே இரண்டு காமாக்கள் இருக்கின்றன. சிபிசிரி காமாவில் ஒளிந்திருந்த ஏறத்தாழ 140 பேரில் எண்பதுக்கு மேற்பட்டோர், எதிரியிடம் பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று போதிக்கப்பட்டிருந்ததால், ஏப்ரல் 2-ஆம் தேதி ஒருவரையொருவர் கொன்றும் தம்மையே மாய்த்தும் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகளும் சிறார்களும். ஷிமுகு காமாவில் ஏறத்தாழ 1,000 பேர். அவர்களுள் ஹவாயில் கூலிவேலை செய்து திரும்பிய இரண்டு பேர் இருந்தார்கள். அமெரிக்கர்கள் சரணடைந்தவர்களைக் கொல்ல மாட்டார்கள் என்று அவர்கள் கூட்டத்தாரிடம் பேசி இசைய வைத்தார்கள். அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒரே ஊர், ஒரே கல், ஒரே வாரம். சிபிசிரி காமாவின் உட்புறம் இறந்தவர்களின் கல்லறையாகவே இருக்கிறது. பயணிகள் உள்ளே நுழையக் கூடாது என்று இறந்தவர்களின் குடும்பத்தார் கேட்டிருக்கிறார்கள். வாயிலருகே நின்று திரும்புவதே முறை.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கில் இதோகஸு அபுசிரா காமா இருக்கிறது. 270 மீட்டர் நீளம். படைமருத்துவமனையின் ஒரு பிரிவாக இருந்து, காயம்பட்ட நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாகக் கிடந்த இடம். வழிகாட்டியோடுதான் விடுவார்கள். தரை வழுக்கும், தலைக்கவசமும் கைவிளக்கும் வேண்டும். ஓரிடத்தில் வழிகாட்டி எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்வார். அந்த இருட்டில் கூரையிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்கும். உள்ளே கிடந்தவர்கள் நாவை நனைக்க ஏங்கியது அந்தச் சொட்டுகளுக்குத்தான்.

தெற்குக் கரையின் மபுனி குன்றில், 1995-இல் அமைதியின் அடிக்கல் என்ற நினைவிடத்தைத் திறந்தார்கள். கறுப்புக் கருங்கல் பலகைகள் மடித்த திரை போல வரிசையாகக் கடலை நோக்கிப் போகின்றன. ஒகினாவாவினர், ஜப்பானின் மற்ற மாகாணத்தவர், 14,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர், கொரியர், தைவானியர், பிரிட்டிஷார் என்று எந்தப் பக்கம் நின்றவர் என்ற வேறுபாடின்றி 2,40,000-க்கு மேல் பெயர்கள். ஆண்டுதோறும் புதிதாகத் தெரியவந்த பெயர்களைச் சேர்க்கிறார்கள். காமாக்களிலும் புதர்களிலும் எலும்புகள் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான், வடக்கே ஹெனோகோவில் அமெரிக்கத் தளத்துக்காகக் கடலைத் தூர்க்க இந்தத் தென்பகுதியின் கல்லையும் மண்ணையும் வெட்டி எடுக்கும் யோசனை வந்தபோது தீவு கொதித்தது. பாட்டன் பாட்டியின் எலும்பு கலந்த மண்ணை எப்படிக் கடலில் கொட்டுவது என்று கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்.

ஜூன் 23 ஒகினாவாவில் நினைவு நாள், மாகாணத்துக்கே விடுமுறை. விடிந்ததும் குடும்பங்கள் மபுனிக்கு வருகின்றன. கூட்டத்தில் மூதாட்டிகள் உண்டு, கைக்குழந்தைகள் உண்டு. விரலால் வரிசை வரிசையாகத் தடவித் தங்கள் வீட்டுப் பெயரைத் தேடுகிறார்கள். பெயர் கிடைத்ததும் துணியால் துடைத்து, பூவும் பழமும் வைத்துவிட்டு, கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து அந்தப் பெயரின் மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.